பதினொன்று ஐம்பத்திரண்டு

ஐந்து பத்துக்கு அலாரம்.
மூங்கில் கழியில் அதே நீளக்கைச் சட்டை,
மூன்று வாரமாகத் துவைத்தும்
உப்பு அதை விட்டுப் போவதாயில்லை.

மின்தூக்கியில் திருவாட்டி லிம் கேட்கிறார்:
"மறுபடியும் மீன் பிடிக்கவா?"
அது மீன் இல்லை என்று சொல்லி முடிக்க
ஒன்பது மாடி போதவில்லை.

மரினா சவுத் படகுத்துறை.
ஜுல்கிஃப்லி இயந்திரத்தைத் திட்டி எழுப்புகிறார்.
ஹுய்சின் பேட்டரிகளை எண்ணுகிறாள்,
நான் படிவங்களை.
பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி-ஓ
கம்பியில் ஆடுகிறது.
அது தளும்பாமல் இருந்தால் நல்ல நாள்,
எங்கள் அலைமானி அவ்வளவுதான்.

அரைமணி இடப்பக்கம் பார்க்க,
அரைமணி வலப்பக்கம்,
அரைமணி எழுத.
காற்று, அலை, மேகம், கப்பல்,
கடைசிக் கட்டத்தில் ஓங்கில்.
அகராதியில்தான் அது ஓங்கில்.
படகில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை,
சொன்னால் வராது என்கிறாள் ஹுய்சின்,
புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கப் போகிறவள்.

நங்கூரமிட்ட எண்ணெய்க் கப்பல்கள்
துணி காயாத அடுக்குமாடிகள்.
அவற்றின் நிழலில் நுழைந்து வெளிவருகிறோம்.
லாசரஸ் தீவு, கூசுத் தீவு, திரும்ப.
ஒரு தேங்காய்க்கு இருமுறை எழுந்து நின்றோம்.
ஒரு டயருக்கு
ஜுல்கிஃப்லி இயந்திரத்தையே நிறுத்தினார்.
சுழியம். சுழியம்.
சுமத்ராப் புயல்காற்று
பத்து நிமிடம் எங்களைப் பிழிந்துவிட்டுப் போனது.
நனைந்த தாளில்
சுழியம் கொஞ்சம் பருத்துத் தெரிந்தது.

தயிர்ச்சாதம் பிரித்தபோது
என் டப்பா மூடி கை நழுவியது.
எவர்சில்வர். விளிம்பில் புள்ளி புள்ளியாய்
பூங்கோதை என்று அம்மாவின் பெயர்.
தூண்டிலை நீட்டினார், எட்டவில்லை.
மூவரும் ஒரே பக்கம் குனிந்து
பச்சை நீரில் சாய்ந்து சாய்ந்து இறங்கிய
வெளிச்ச வட்டத்தைப் பார்த்தோம்
அது நாணயமாகி, பொட்டாகி, இல்லாமலாகும்வரை.
ஊறுகாய் ரொட்டியை மென்றபடி ஹுய்சின் சொன்னாள்:
"நேரமாச்சு, எழுது."
எழுதினேன்.
11:52. சுழியம்.

இரவு
எண்ணெய் வைத்த தலையில் காதணியை மாட்டி
கடலடி ஒலிவாங்கி சேமித்ததைக் கேட்கிறேன்.
சொடுக்கு இறால்கள்.
கீழே யாரோ ஓயாமல்
அப்பளம் பொரிக்கிறார்கள்.
தூரத்துக் கப்பல் மாவரைக்கிறது.
படகின் வயிற்றில் எங்கள் செருப்புகள்.
பிறகு, ஒரு சின்ன 'ணங்'.
மூடி விளிம்பில் இடித்து விழுந்தது அது.

அதன்பின்
சீப்பின் பல்லை யாரோ நகத்தால் இழுக்கிறார்கள்.
மெதுவாக.
இன்னும் நெருக்கமாக.
பற்கள் ஒன்றோடொன்று கலந்து
ஒரே கீறலாகும்வரை நெருக்கமாக.

நாங்கள் மேலிருந்து.
அது கீழிருந்து.
ஒரே மூடி.

அம்மாவின் பெயரைப்
புள்ளி புள்ளியாய் அது தடவியிருக்கலாம்.
அப்படி எழுதக் கட்டம் ஏதுமில்லை.
பார்வைப் படிவம் திருத்தப்படக் கூடாது என்பது விதி:
கண்ணுக்குச் சுழியம் சுழியம்தான்.
ஒலிப் படிவத்தில் மட்டும்
ஒன்று என்று போட்டேன்.
யோசித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
அழித்தேன். மறுபடி போட்டேன்.

காலைப் பேருந்து ஓட்டும் அம்மா
எனக்கு முன்பே எழுந்துவிட்டாள்,
சீருடையில், டப்பாவைத் தூக்கிப் பிடித்து:
"மூடி எங்கேடி?"
"டால்பின்கிட்ட."
ஒரு கணம் நிறுத்தினாள்.
"பக்கத்து வீட்டுக்குக் குடுத்ததே திரும்பல,
இதுல அது வேற."
டப்பாவின் வாயில்
ஒரு தட்டைக் கவிழ்த்து
ரப்பர் வளையம் இரண்டு போட்டு நீட்டினாள்.

ஐந்து நாற்பது.
மின்தூக்கியில் திருவாட்டி லிம்.